பி பக்கம்: கண்டுகொள்ளாமல் விட்ட ஓர் ஆல்பத்துக்குத் திரும்பிப் போவது எப்படி

சேலம் செவ்வாய்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறையில் ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. அதன் ரீவைண்ட் பட்டன் எப்போதோ உடைந்துபோயிருந்தது. ஏ பக்கத்தை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டுமென்றால் கேசட்டைத் திருப்பிப் போட்டு, பி பக்கத்தை ஃபார்வர்டில் கடைசிவரை ஓடவிட்டு, பிறகு மறுபடி திருப்ப வேண்டும். பெங்களூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் ஒரு 90 நிமிடக் கேசட்டில் ராக் பாடகர் நீல் யங்கைப் பதிந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஏ பக்கம் 'ஹார்வெஸ்ட்'. பி பக்கம் 'ஆன் தி பீச்'. ஹார்வெஸ்ட்டை நான் எத்தனை முறை கேட்டேனோ அத்தனை முறை ஆன் தி பீச்சை ஃபார்வர்டில் ஓட்டித் தள்ளியிருக்கிறேன். பிளே பட்டனும் கூடவே பாதி அழுந்திவிட்டால் எலிக்குஞ்சுகள் சண்டை போடுகிற மாதிரி ஒரு கீச்சொலி வரும். பதினைந்து வருடம் அந்த ஆல்பம் எனக்கு அவ்வளவுதான். ஏ பக்கத்துக்குத் திரும்புகிற வழி.

இன்றைக்கு நீல் யங்கில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன். இந்த மாற்றம் தானாக நடக்கவில்லை. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து கேட்டுப் பார்த்து, "இது ஆகாது" என்று எடுத்துவைத்திருக்கிறேன். மூன்றாவது முறை கொஞ்சம் முறையாகப் போனேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ராக் இசையில் உங்களுக்கும் ஒருவரைப் பிடித்திருக்கும். அவருடைய இரண்டு மூன்று ஆல்பங்களை எலும்பு தெரியும்வரை கேட்டிருப்பீர்கள். மற்றவற்றை லிஸ்டில் பார்த்ததோடு சரி. அப்படிப்பட்டவர்களுக்கு இது. உதாரணத்துக்கு என்னுடைய ஆல்பத்தையே எடுத்துக்கொள்கிறேன், உங்களுடையதை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த ஆல்பம்?

கையில் கிடைத்த பழைய ஆல்பத்தையெல்லாம் தோண்ட வேண்டாம். சில ஆல்பங்கள் கவனிக்கப்படாமல் போனதற்கு அவை சுமாராக இருந்ததுதான் காரணம். பொழுதை வீணாக்காமல் இருக்க நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது: பெரிய வெற்றிக்கு அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்தது எது என்று பாருங்கள். அந்தச் சமயத்தில் பாடகருக்குக் கையில் காசும் இருக்கும், கம்பெனியிடம் செல்வாக்கும் இருக்கும். கூடவே அந்த வெற்றியின் மேல் ஓர் எரிச்சலும் இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் விசித்திரமான ஆல்பங்கள் பிறக்கும். கேட்பவர்கள் பழையபடி இன்னொன்று கேட்பார்கள், அது கிடைக்காமல் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

ஹார்வெஸ்ட் வந்தது 1972இல். அதிலிருந்த 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. ஆன் தி பீச் 1974 ஜூலையில் வந்தது. கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

இன்னொரு குறிப்பு. சுத்தமாகக் கேட்காத ஆல்பத்தைவிட, ஒருமுறை கேட்டுப் பிடிக்காமல் விட்ட ஆல்பம் நல்லது. ஏன் பிடிக்கவில்லை என்று உங்களுக்கே ஓர் அபிப்பிராயம் இருக்கும். திரும்பிப் போகும்போது அதுதான் பிடிமானம். என் அபிப்பிராயம் "மெதுவாக, சோர்வாக இருக்கிறது, ஹார்வெஸ்ட் மாதிரி இல்லை" என்பது. கடைசி மூன்று வார்த்தைகளில்தான் தப்பு இருந்தது என்று புரிய நாளாயிற்று. அந்த ஆல்பத்திடம் நான் வேறோர் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் படி: தேதிகளைப் படியுங்கள், விமர்சனங்களை அப்புறம் பார்க்கலாம்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

விமர்சனம் படித்தால் அடுத்தவர் காதால் கேட்கத் தொடங்கிவிடுவோம். தேதிகள் அப்படியில்லை. வெற்றிக்கும் இந்த ஆல்பத்துக்கும் நடுவில் அந்த மனிதருக்கு என்ன நடந்தது, எப்போது நடந்தது, அது மட்டும் போதும். அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். நான் பட்டறை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

1972 நவம்பர்: நீல் யங்கோடு வாசித்த கிரேசி ஹார்ஸ் குழுவின் கிதார் கலைஞர் டேனி விட்டன் ஒத்திகையில் வாசிக்க முடியாத நிலையில் இருக்கிறார். யங் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அன்றிரவே அவர் இறந்துபோகிறார், போதைதான் காரணம். 1973 தொடக்கம்: பெரிய பெரிய அரங்குகளில் சுற்றுப்பயணம். ஹார்வெஸ்ட் கேட்க வந்த கூட்டத்துக்கு முன்னால் யாரும் கேட்டிராத கரடுமுரடான புதுப் பாட்டுகளைப் பாடுகிறார். அது 'டைம் ஃபேட்ஸ் அவே' என்ற நேரடிப் பதிவாக அதே வருடம் வெளிவருகிறது. 1973 நடுவில்: குழுக்களுக்குக் கருவிகள் சுமந்து, மேடை கட்டிக்கொடுத்த புரூஸ் பெர்ரியும் போதையில் இறக்கிறார். அதன் பிறகு அந்த இரண்டு சாவையும் மனதில் வைத்து ஓர் ஆல்பம் பதிவாகிறது, அதுதான் 'டுநைட்ஸ் தி நைட்'. அது வெளிவந்ததோ 1975இல். அதாவது ஆன் தி பீச் முன்னால் வந்திருந்தாலும், பதிவான வரிசையில் அது பிந்தியது.

இந்த வரிசை ஏன் முக்கியம்? வெளியான தேதியை மட்டும் பார்த்தால் ஆன் தி பீச் துக்கத்துக்குள் இறங்குகிற ஆல்பமாகத் தெரியும். பதிவான தேதியைப் பார்த்தால் அது துக்கத்தின் மறுபக்கம் வெளியே வருகிற ஆல்பம். அழுது முடித்த வீட்டில் மூன்றாம் நாள் காபி போட்டுக் குடிப்பார்களே, அந்தக் குரல். அதே எட்டுப் பாட்டுதான், ஆனால் காதில் விழுவது வேறாகிவிடுகிறது.

ஒரு நாள் இரவு வீட்டில் இது ஓடிக்கொண்டிருந்தபோது என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்: "ஏங்க, யாரு போய்ட்டாங்க? இழவு வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்குது." அவளுக்கு நீல் யங் யாரென்றே தெரியாது. "ரெண்டு பேரு" என்றேன். "அதான பாத்தேன்" என்று தாளிக்கப் போய்விட்டாள். பில் புத்தகத்தில் நான் எழுதிக் கண்டுபிடித்ததை அவள் கடுகு வெடிக்கிற நேரத்தில் சொல்லிவிட்டாள்.

யங் 1977இல் தொகுத்த 'டிகேட்' ஆல்பத்தின் உறைக்குறிப்பில், ஹார்ட் ஆஃப் கோல்ட் தன்னை நடுரோட்டில் கொண்டுபோய் நிறுத்தியதாகவும், அது சீக்கிரமே சலித்துப்போய் ஓரத்துப் பள்ளத்துக்கு வண்டியைத் திருப்பியதாகவும், அங்கே குலுக்கல் அதிகம் என்றாலும் சுவாரசியமான ஆட்களைப் பார்க்க முடிந்ததாகவும் எழுதியிருக்கிறார். அதனால்தான் டைம் ஃபேட்ஸ் அவே, ஆன் தி பீச், டுநைட்ஸ் தி நைட் மூன்றையும் ரசிகர்கள் பள்ளத்து ஆல்பங்கள் என்கிறார்கள். உங்கள் பாடகரும் இப்படி எங்காவது ஒரு வரி சொல்லியிருப்பார். தேடிப் பிடியுங்கள்.

உறையையும் பாருங்கள், சின்னப் படமாக இல்லாமல் பெரிதாக. ஆன் தி பீச் உறையில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்கிறார். அவர்தான் யங். ஒரு குடை, இரண்டு நாற்காலி, ஒரு மேஜை. மணலில் புதைந்த காடிலாக் காரின் பின்வால் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு செய்தித்தாள், அதன் தலைப்பில் அமெரிக்க அதிபர் நிக்ஸன் பதவி விலக வேண்டும் என்கிறார் ஒரு செனட்டர். ஆல்பம் வந்த அடுத்த மாதமே நிக்ஸன் விலகினார். போனில் கட்டைவிரல் அளவில் பார்த்தபோது இதை நான் ஏதோ சுற்றுலாப் படம் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாம் படி: நல்ல பிரதி

ஆன் தி பீச் 2003 வரை சிடியில் வரவே இல்லை. எல்பி ரெக்கார்டு, கேசட், அவ்வளவுதான். தொண்ணூறுகளில் சேலத்தில் இருந்த ஒருவனுக்கு எல்பியிலிருந்து யாரோ பதிந்த கேசட்தான் கதி. என் கேசட்டில் முதல் பாட்டுக்கு முன்னால் முள் இறங்குகிற 'டப்' சத்தம்கூட இருக்கும். நீங்கள் தேர்ந்தெடுத்த ஆல்பமும் சில காலம் கிடைக்காமல் இருந்திருந்தால், கவனிக்கப்படாமல் போனதற்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். ஆல்பத்தின் குற்றமே இல்லை.

இப்போது பெரும்பாலும் போனிலேயே கிடைக்கும். கேட்பதற்கு முன் ஆப்பின் செட்டிங்கில் மூன்று இடத்தில் கை வையுங்கள். ஷஃபிளை நிறுத்துங்கள், இது தெரிந்ததுதான். கிராஸ்ஃபேடை நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு பாட்டின் வாலில் அடுத்த பாட்டின் தலை ஏறி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் விட்ட மௌனம் பாட்டைச் சேர்ந்தது. ஈக்வலைசரில் பேஸ் பூஸ்ட் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், 1974இல் யாரும் சப்வூஃபருக்காகப் பதிவு செய்யவில்லை.

ஆப்பை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். 2022 ஜனவரியில் தடுப்பூசி பற்றிய தவறான தகவல்கள் பரவுவதை எதிர்த்து நீல் யங் ஸ்பாட்டிஃபையிலிருந்து தன் பாட்டுகளை எடுக்கச் சொன்னார். 2024 மார்ச்சில்தான் திரும்பி வந்தன. நடுவில் இரண்டு வருடம் என்னைக் காப்பாற்றியது ஒரு சிடி. பழைய கார்களில் சிடி ஸ்லாட் இருந்தால் விற்கும்போது யோசித்து விற்கவும்.

எல்பி வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வரி. ஆன் தி பீச்சின் முதல் பதிப்பு எல்பியில் உறையின் உட்பக்கம் முழுக்கப் பூப்போட்ட டிசைன் இருக்கும், வெளியே கடற்கரைக் குடையில் இருக்கிற அதே டிசைன். பழையது என்று சொல்லி விலை கேட்டால் உள்ளே எட்டிப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து உறவுக்காரர்கள் பிளேயர் கொண்டுவந்து தந்தால் அப்படியே பிளக்கில் சொருகிவிடாதீர்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் சில பழைய மோட்டார்கள் அங்கத்திய 60 ஹெர்ட்ஸை நம்பிச் சுற்றுபவை. நம் 50 ஹெர்ட்ஸில் அவை மெதுவாகச் சுற்றும். ஏற்கெனவே மெதுவான ஆல்பம் தூங்கியே போய்விடும்.

பழைய கேசட்டே இருக்கிறது என்பவர்கள் முதலில் அதன் வாய்ப்பக்கம் பாருங்கள். நடுவில் பித்தளைத் தகட்டின் மேல் ஒரு துளி கம்பளிப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். அது உதிர்ந்துபோயிருந்தால் ஒலி மங்கும், ஒரு பக்கம் கேட்காது. வேறொரு வேண்டாத கேசட்டிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்றிவிடலாம், நான்கு மூலையிலும் ஸ்க்ரூ உள்ள கேசட் என்றால் பத்து நிமிட வேலை. ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்கள் கேசட்டையும் ரெக்கார்டையும் அங்கே விட்டு வராதீர்கள். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்து வெள்ளையாகப் பூத்துவிடும்.

நான்காம் படி: இடமும் நேரமும்

ஆன் தி பீச் முழுக்கக் கேட்க 40 நிமிடம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. போகிற வழியில் கேட்டுவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. தப்பு.

முதலில் பஸ்ஸில் முயன்றேன். அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் டிரைவர் இளையராஜாவைப் போட்டுவிட்டார், அதுவும் முழு சவுண்டில். என் காதுக்குள் நீல் யங் தனியாக அழுதுகொண்டிருக்க, வெளியே மொத்த பஸ்ஸும் காதலித்துக்கொண்டிருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது வளைவில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன். பைக்கில் ஹெட்ஃபோன் போட்டுப் போவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். வளைவில் மேலிருந்து இறங்குகிற வண்டி ஹார்ன் அடிப்பது கேட்காது. ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தத்தில் பாட்டும் கேட்காது.

பட்டறையும் உதவாது. ஒரு பக்கம் பாலிஷ் மோட்டார், ஒரு பக்கம் சுத்தியல், கேஸ் அடுப்பின் ஊதல். அதற்கு நடுவே உயிர் பிழைப்பது பெரிய ராகமும் தெளிவான மெட்டும் உள்ள பாட்டுகள் மட்டுமே. ஹார்வெஸ்ட் அங்கே பிழைத்தது. ஆன் தி பீச் ஏன் செத்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம், இவ்வளவு நாள் நான் அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. எங்கே கேட்டோம் என்பதை மறந்துவிட்டுப் பாட்டைக் குறை சொல்கிறோம்.

கடைசியில் வேலை செய்தது நிறுத்தி வைத்த கார். நம் ஊரில் தனி அறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வசதி யாருக்கு இருக்கிறது? கண்ணாடியை ஏற்றிவிட்டால் கார்தான் நம் ஸ்டுடியோ. ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஏற்காட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். (மே மாதம் போகாதீர்கள். கோடை விழா கூட்டத்தில் காரை நிறுத்தவே இடம் கிடைக்காது, அப்புறம் எங்கே கேட்பது.) வேலை முடிந்து, குப்பனூர் பக்கம் இறங்குகிற சாலையில் காபித் தோட்டத்து ஓரமாக, சில்வர் ஓக் மரத்தடியில் ரோட்டை விட்டு நன்றாக ஒதுக்கி வண்டியை நிறுத்தினேன். பனி இறங்கியிருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு சிடியைப் போட்டேன்.

கடைசிப் பாட்டு ஒன்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் நடுவில் ஒரு குரங்கு பானெட்டில் வந்து உட்கார்ந்தது. உள்ளே பார்த்தது. வைப்பரை ஒருமுறை தூக்கி விட்டது, 'டக்' என்று கண்ணாடியில் விழுந்தது. மறுபடி தூக்கியது. பாட்டின் தாளத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பையில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. எனக்கு அந்தப் பாட்டில் இன்றும் அந்த 'டக்' சேர்ந்தேதான் கேட்கிறது.

போனில் கேட்பவர்கள் மலையேறுவதற்கு முன் வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். வளைவுகளில் சிக்னல் வரும், போகும்.

ஐந்தாம் படி: நான்கு முறை கேளுங்கள், நான்கு விதமாக

முதல் முறை நிறுத்தாமல், தாண்டாமல், பாட்டின் பெயரைக்கூடப் பார்க்காமல். முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். பிடித்ததா இல்லையா என்பது வேண்டாம், எது காதில் நின்றது என்பது மட்டும். நான் எழுதிய வரி: "அரம் போடுற சத்தம், அஞ்சாவது பாட்டு." வெள்ளியின் மேல் அரம் இழைக்கும்போது வருகிற 'சர்க், சர்க்' அப்படியே கேட்டது. அது 'வேம்பயர் ப்ளூஸ்', பெட்ரோல் உறிஞ்சும் வியாபாரத்தைக் கிண்டல் செய்கிற பாட்டு. பேஸ் கிதார் வாசித்த டிம் டிரம்மண்ட் தன் தாடியில் ஒரு கிரெடிட் கார்டைத் தேய்த்து எழுப்பிய சத்தமாம் அது. ஒரு ஆல்பத்துக்குள் நுழைய இந்த மாதிரி ஒரு சின்னச் சந்து போதும். பிரதான வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும் என்றில்லை.

இரண்டாம் முறை பக்கங்களை மாற்றிப் போடுங்கள். ஆன் தி பீச் விஷயத்தில் இதற்கு ஒரு நியாயமும் இருக்கிறது. யங் முதலில் நினைத்தது இப்போது இரண்டாம் பக்கமாக இருப்பதையே முதல் பக்கமாக வைக்க. தயாரிப்பாளர் டேவிட் பிரிக்ஸ் பேச்சைக் கேட்டுக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார். ஆகவே ஆறாவது பாட்டான 'ஆன் தி பீச்'சில் தொடங்கி, 'மோஷன் பிக்சர்ஸ்', 'ஆம்புலன்ஸ் ப்ளூஸ்' மூன்றையும் கேட்டுவிட்டு, பிறகு முதல் பாட்டான 'வாக் ஆன்'னுக்கு வாருங்கள். இருபது நிமிட இருட்டுக்குப் பிறகு அந்தப் பாட்டு ஜன்னலைத் திறந்த மாதிரி வந்து நிற்கும். இந்த வரிசைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. பிரிக்ஸ் சரியா யங் சரியா என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாம் முறை ஒரே ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு போங்கள். குரலை விட்டுவிடுங்கள். நான் பென் கீத்தைப் பிடித்துக்கொண்டேன். ஹார்வெஸ்ட்டில் ஸ்டீல் கிதார் வாசித்தவரும் அவரே, அதனால் தெரிந்த கையைப் பிடித்துக்கொண்டு தெரியாத தெருவுக்குள் போன மாதிரி இருந்தது. 'ஃபார் தி டர்ன்ஸ்டைல்ஸ்' பாட்டில் யங்கின் பேஞ்சோவும் கீத்தின் டோப்ரோ என்ற கிதாரும் மட்டும்தான், டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. கூடப் பாடுகிற அந்த உச்சக் குரலும் கீத்துடையதே. அடுத்த முறை தாளக்காரர்களைப் பிடிக்கலாம். 'ரெவல்யூஷன் ப்ளூஸ்' கேட்கும்போது கீழே ஓடுகிற டிரம்ஸையும் பேஸையும் கவனியுங்கள், தி பேண்ட் குழுவின் லெவன் ஹெல்மும் ரிக் டான்கோவும். கொலைகாரன் சார்லஸ் மேன்சனை மனதில் வைத்து எழுதிய பாட்டு அது, கொலைகளுக்கு முன் யங் அவனைச் சந்தித்திருக்கிறார். அதில் கிதார் வாசித்த டேவிட் கிராஸ்பிக்கே அந்தப் பாட்டு உறுத்தலாக இருந்தது.

பழைய ஆல்பத்தின் ருசி விட்டுப்போகாதவர்களுக்கு ஒரு படிக்கட்டு இதிலேயே இருக்கிறது. 'சீ தி ஸ்கை அபவுட் டு ரெயின்' ஹார்வெஸ்ட் வருவதற்கு முன்னாலேயே, 1971 கச்சேரிகளிலேயே அவர் பாடிய பாட்டு. மனதுக்கு முதலில் படிவது அதுவாகத்தான் இருக்கும். தப்பில்லை, அதில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகலாம்.

நான்காம் முறைதான் வரிகள். வார்த்தைகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆங்கிலப் பாட்டில் பாதி வார்த்தை நமக்குப் புரிவதில்லை என்று ஒத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு? ஆனால் இதை முதலில் செய்யக் கூடாது. வரிகளைப் பார்த்துக்கொண்டு கேட்டால் கண் ஓடும், காது உட்கார்ந்துவிடும். 'ஆம்புலன்ஸ் ப்ளூஸ்' பல இடங்களுக்குத் தாவுகிற பாட்டு. அவர் இளவயதில் பாடித் திரிந்த டொரொண்டோ வருகிறது, விமர்சகர்கள் வருகிறார்கள், கடைசியில் நிறையப் பொய் சொன்ன ஒரு மனிதர் வருகிறார். அவர் பெயர் சொல்லப்படுவதில்லை, உறையில் இருந்த செய்தித்தாள் ஞாபகம் இருந்தால் போதும். அந்தப் பாட்டின் மெட்டு பெர்ட் ஜான்ஷ் என்ற ஸ்காட்லாந்துக் கலைஞரின் ஒரு பாட்டிலிருந்து வந்தது, யங்கே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார். கூடவே தேய்ந்து தேய்ந்து ஒலிக்கிற ஃபிடில் ரஸ்டி கெர்ஷா வாசித்தது.

ஆல்பம் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்பதற்கு இன்னொரு காரணமும் சொல்லிவிடுகிறேன். பதிவு நடந்த நாட்களில் கஞ்சாவை வாணலியில் வறுத்து, தேனில் குழைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எல்லோரும் வாசித்தார்கள். அந்தச் செய்முறை இந்த வழிகாட்டியில் இடம்பெறாது. சுக்குக் காபி போதும்.

நான்கு முறைக்கும் நடுவில் நாலைந்து நாளாவது விடுங்கள். ஒரே நாளில் நான்கு முறை கேட்டால் மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான்.

ஆறாம் படி: திறக்கவில்லை என்றால்

மூடிவிடுங்கள். நான்கு முறை முறையாகக் கேட்டும் ஒன்றும் இல்லையென்றால் உங்கள் மேல் குற்றமில்லை. மேதை என்பதற்காக எல்லாவற்றையும் ரசித்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. நீல் யங்கின் எண்பதுகளில் வந்த சிலவற்றை இந்த முறையில் நானும் முயன்று, கும்பிடு போட்டு அனுப்பியிருக்கிறேன்.

திறந்துவிட்டால் ஒரு வாரத்துக்கு யாரிடமும் சொல்லாதீர்கள். புதிதாகக் கண்டுபிடித்தவன் பேச்சு கேட்பவருக்கு வேதனை. நான் ஒரே ஒருவருக்கு மட்டும் போன் போட்டேன், கேசட் கொடுத்த பெரியப்பா மகனுக்கு. ஆள் இப்போது ஒசூரில் இருக்கிறார்.

"அண்ணா, அந்த நீல் யங் கேசட் குடுத்தீங்களே, பி பக்கம்..."

"பி பக்கமா? அதுல என்னடா இருந்துச்சு?"

"ஆன் தி பீச்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்படியா? ஃப்ரெண்டு ரூம்ல அந்த ரெக்கார்டு கெடந்துச்சு. அந்தப் பக்கம் காலியா போகுதேன்னு போட்டு உட்டிருப்பேன். நான் கேட்டதே இல்லடா."

அவருக்கு ஆப்பில் லிங்க் அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் மூன்றாம் படியில் சொல்லாமல் விட்ட ஒரு செட்டிங் ஞாபகம் வந்தது. ஆட்டோபிளே. ஆல்பம் தீர்ந்ததும் ஆப் தானாக வேறு பாட்டை எடுத்துப் போடும், அதையும் அணைத்துவிட வேண்டும். நான் அணைக்காமல் விட்ட இரவில், ஆம்புலன்ஸ் ப்ளூஸின் கடைசி ஃபிடில் அடங்கி, மொட்டைமாடியில் நான் அசையாமல் உட்கார்ந்திருக்க, இரண்டு விநாடி கழித்து அது தானாகவே எடுத்துப் போட்டது ஹார்ட் ஆஃப் கோல்டை.